மூன்று பத்துக்கு ஒரு டிக்

வாசுதேவன் டெட்ராய்ட்டுக்கு விமானம் ஏறிய மறுநாள் காலை, ஃப்ரிஜ் கதவில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையில் மூன்று பத்துக்கு நேராக ஒரு டிக் இருந்தது.

பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி வைஜயந்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாக்கெட்டின் குளிர்ந்த தண்ணீர் விரல் இடுக்கு வழியாகச் சொட்டித் தரையில் விழுந்துகொண்டிருந்தது. '3.10 – 61' என்று நீல மையில் எழுதி, பக்கத்தில் டிக். குப்பைக்கூடையைத் திறந்து பார்த்தாள். காலி ஜூஸ் டப்பா ஒன்று, நான்கு மூலைகளையும் பிரித்துத் தட்டையாக அழுத்தி, ஸ்ட்ராவை இரண்டாக மடித்து உள்ளே செருகி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கிடந்தது. அந்த வீட்டில் டப்பாவை அப்படி மடித்துப் போடுகிறவள் அவள் ஒருத்திதான்.

ராத்திரி அவள் எழுந்திருக்கவில்லை.

மகள் சுப்ரஜாவுக்கு அந்த நோய் வந்தபோது வயது நான்கு. இப்போது ஒன்பது. உடம்பு தானாக இன்சுலினைச் சுரக்காது. வேளாவேளைக்கு ஊசி வழியாக வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். பகலில் எப்படியோ சமாளித்துவிடலாம். ராத்திரிதான் பயம். சாயங்காலம் கொஞ்சம் அதிகமாகச் சைக்கிள் ஓட்டியிருந்தால் போதும், தூக்கத்தில் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கிவிடும். குழந்தை தானாக எழுந்து சொல்லாது. அப்படியே விட்டால் காலையிலும் எழுந்திருக்காது. அதற்காகத்தான் அவள் மேல்கையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டியிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது ஒரு எண்ணை அம்மாவின் போனுக்கும் அப்பாவின் போனுக்கும் அனுப்பும். எழுபதுக்குக் கீழே போனால் அலாரம் அடிக்கும். யாராவது எழுந்துபோய், தூங்குகிற வாயில் ஸ்ட்ராவை வைத்து, ஒரு டப்பா ஜூஸைக் குடிக்க வைக்க வேண்டும்.

ஒருமுறை, ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாமல், இரண்டு பேருமே கொடுத்துவிட்டார்கள். விடியும்போது எண் நானூறைத் தாண்டியிருந்தது; குழந்தை படுக்கையெல்லாம் வாந்தி எடுத்தாள். அன்று போட்ட சண்டைக்குப் பிறகுதான் அந்தப் பலகை வந்தது. கொடுத்தவர் நேரத்தையும் எண்ணையும் எழுதி டிக் போட வேண்டும். டிக் இருந்தால் மற்றவர் கேள்வி கேட்காமல் திரும்பிப்போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு க்ளையண்ட்டோடு பேசிவிட்டு வாசுதேவன் படுப்பதற்கு இரண்டு மணி ஆகும். அதுவரை அவன் பொறுப்பு. இரண்டு மணிக்கு மேல் அவள்.

கடைசி மூன்று வாரமாக, அவளுடைய நேரத்தில், மூன்று மணியை ஒட்டி டிக் விழுந்துகொண்டிருந்தது. அவன்தான் எழுந்து கொடுக்கிறான், நம்மைத் தூங்கவிடுகிறான் என்று நினைத்திருந்தாள். வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டால் அந்தக் கருணை நின்றுவிடுமோ என்று ஒரு பயம். அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனுக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சாதம் செய்து நெய்யைத் தாராளமாக ஊற்றினாள். அவனும் காரணம் கேட்காமல் சாப்பிட்டான்.

நேற்று மூன்று பத்துக்கு அவன் ஏதோ ஒரு கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தான்.

அன்று ராத்திரி அவன் கூப்பிட்டபோது, பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஏங்க, போன மாசமெல்லாம் மூணு மணிக்கு நீங்கதான எந்திரிச்சுக் குடுத்தீங்க?"

"நானா? ரெண்டு மணிக்குப் படுத்தா நான் ஏழு மணிக்குத்தான் எந்திரிப்பேன். உனக்குத் தெரியாததா."

"அப்ப டிக் போட்டது?"

"நீதான் போட்டிருக்கறே. உன்ற எழுத்துத்தான அது."

அவன் பக்கம் எங்கோ ஒரு லிஃப்ட் மணி அடித்தது.

"தூக்கக் கலக்கத்துல எந்திரிச்சுக் குடுத்திருப்பே வைஜூ. அஞ்சு வருசப் பழக்கம், கை தானா செய்யும்."

"அலாரம் அடிச்சதே எனக்குத் தெரியலைங்க."

"நம்பர் ஏறுச்சா இல்லயா? ஏறிருச்சில்ல. அப்புறமென்ன. நான் இங்கிருந்து பாத்துட்டுத்தான் இருக்கறேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான். "இந்த மூணு வாரமா நீ பரவால்ல. முந்தியெல்லாம் சலிச்சுக்கிட்டே குடுப்பே."

மறுநாள் பள்ளிப் பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஷூ லேஸைக் கட்டிவிட்டபடி மகளிடம் கேட்டாள்.

"ராத்திரி ஜூஸ் யாரு கண்ணு குடுத்தது?"

"நீதான்."

"நான் ஏதாச்சும் சொன்னனா?"

"இல்ல. தலைல கை வெச்சே. ஜில்லுனு இருந்துச்சு." சுப்ரஜா பையை மாட்டிக்கொண்டாள். "எண்ணினே."

"என்னத்த எண்ணினேன்?"

"பத்து வரைக்கும். ஊசி போட்டா எண்ணுவல்ல, அப்டி."

இன்சுலின் பேனாவின் பொத்தானை முழுக்க அழுத்திய பிறகு, உள்ளே போன மருந்து வெளியே கசியாமலிருக்க, ஊசியை எடுக்காமல் பத்து வரை எண்ணுவது வழக்கம். குழந்தைக்குப் பயம் தெரியாமலிருக்க வைஜயந்தி அதைச் சத்தமாக எண்ணுவாள். சாப்பாட்டு வேளை ஊசியையும் தூக்கத்தையும் குழந்தை போட்டுக் குழப்பிக்கொள்கிறாள் என்று நினைத்து, அதற்கு மேல் அவள் துருவவில்லை.

"ராத்திரில நீ நல்ல அம்மா," என்றாள் சுப்ரஜா, பள்ளிக்கூடத்து இந்தி கலந்து, லிஃப்ட் கதவு மூடுவதற்கு முன். "காலைலதான் பஹுத் கத்தற."

அன்று முழுக்க 'நல்ல அம்மா' என்ற அந்தச் சொல் காதுக்குள்ளேயே இருந்தது. ஏனென்றால் ஒரு ராத்திரி இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்பு. குழந்தை தலையைத் திருப்பித் திருப்பி, ஜூஸ் வேண்டாமென்று தட்டிவிட்டு, தலையணை, நைட்டி எல்லாம் பிசுபிசுக்க, எண் ஐம்பத்திரண்டில் நிற்க, வைஜயந்தி அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். வாயைப் பிடித்து அமுக்கிப் புகட்டினாள். பிறகு சமையலறைத் தரையில், ஃப்ரிஜ்ஜின் சூடான பக்கவாட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, எதிரே யாரோ நிற்பதுபோலச் சொன்னாள்: வேற யாராவது வந்து பாத்துக்கங்க. என்னால முடியல. எனக்குத் தூங்கணும்.

அதற்கு மூன்றாம் நாளோ நாலாம் நாளோதான் அந்த டிக் விழ ஆரம்பித்தது.

சொல்லியிருக்கலாம். எதிர்வீட்டு அம்ருதாவிடம் சொல்லியிருக்கலாம். நல்ல பெண், இரண்டு முறை நடுராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவள். ஊரிலிருந்து தங்கையை வரவழைத்திருக்கலாம். வைஜயந்தி யாரிடமும் சொல்லவில்லை. முன்கதவைப் பூட்டிப் பார்த்தாள். பால்கனி வலையை இழுத்துப் பார்த்தாள். பதினொன்றாம் மாடிக்கு யார் ஏறி வரப்போகிறார்கள் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு படுத்தாள்.

தூங்கினாள்.

ஐந்து வருடமாக அவள் தூங்கியதெல்லாம் தூக்கமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நான்கு நாளாகக் காயாத துணிகளின் புழுங்கல் நாற்றமும், வெளியே புறவழிச்சாலையில் பெங்களூர் லாரிகள் ஈரத்தைக் கிழித்துக்கொண்டு போகும் ஓயாத இரைச்சலும், ஏசி பெட்டியின் மேல் ஒண்டியிருக்கும் புறாக்களின் முனகலும் ஒவ்வொன்றாக விலகிப்போக, கிணற்றில் கல் இறங்குவதுபோல அவள் கீழே கீழே போய்க்கொண்டிருந்தாள். காலையில் எழுந்ததும் நேராகப் பலகைக்குப் போவாள். 3.05, டிக். 3.15, டிக். 3.10, டிக். எண் அதற்குப் பிறகு அழகாக ஏறி நூற்று இருபதில் நின்றிருக்கும். மகள் அறையில் மூச்சு சீராக வந்துகொண்டிருக்கும்.

அவன் கிளம்பிப்போன மூன்றாம் ராத்திரி, படுக்கப்போகும் முன் ஜூஸ் டப்பா ஒன்றை எடுத்து, ஸ்ட்ராவைக் குத்தி, மகளின் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தாள். யாருக்கு என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தாம் ராத்திரி, போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் படுத்தாள்.

எட்டு நாள். கண்ணுக்குக் கீழிருந்த கருப்பு மங்கிவிட்டது. அலுவலகத்தில் கூட இருக்கும் பெண், என்ன க்ரீம் போடறீங்க என்று கேட்டாள்.

ஒன்பதாம் நாள் க்ளினிக்கில் மூன்று மாதப் பரிசோதனை. டாக்டரைப் பார்ப்பதற்கு முன், அங்கே பெற்றோர்களுக்கு இன்சுலின் அளவு சொல்லிக்கொடுக்கும் நீலாவைப் பார்க்க வேண்டும். நீலா இந்த ஊரின் தாபோடிப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண்; தமிழில் இந்தியும் மராத்தியும் கலந்தே பேசுவாள். சுப்ரஜாவை ரத்தம் எடுக்க அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரில் சென்சார் வரைந்த ராத்திரிக் கோடுகளை வரிசையாகத் திறந்தாள்.

"அரே வா. ஏக்தம் மஸ்த், சூப்பரா இருக்கு வைஜயந்தி. சர்க்கரை இறங்கற எல்லா லோவும் டைமுக்குப் பிடிச்சிருக்கீங்க. தூங்கறீங்களா இல்லியா நீங்க?"

"தூங்கறேன்."

நீலா சிரித்தாள். பிறகு திரைக்குக் கிட்டே குனிந்தாள். இன்னொரு நாளைத் திறந்தாள். இன்னொன்று. எல்லாக் கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டாள்.

"ராத்திரி சர்க்கரையை இறக்க ஏதாவது கரெக்‌ஷன் ஊசி போடறீங்களா?"

"இல்ல. ஒன்பது மணிக்குப் போடறதுதான் கடைசி."

"ஒண்ணரை வரைக்கும் பாருங்க, நூத்தி முப்பது, நூத்தி நாப்பது. சீதா லைன், நேர்க்கோடு. ஒண்ணே முக்கால்லேர்ந்து இறங்குது. தினமும் அதே டைம். மூணு மணிக்கு அறுபது." பேனா முனையால் அந்தச் சரிவைத் தொட்டுக் காட்டினாள். "இது தானா இறங்கற லோ இல்ல. யாரோ ஒண்ணரைக்கு ஊசி போட்டா இப்படித்தான் விழும்."

"நான் போடல."

"நீங்க போட்டீங்கன்னு சொல்லலை," என்றாள் நீலா. ஆனால் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். "தூக்கம் இல்லாம தப்பா டோஸ் போடறது நிறைய அம்மாக்களுக்கு நடக்கும். வெட்கமே வேணாம். இன்சுலின் பேனாவை எங்க வெக்கிறீங்க?"

வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளிக்கிழமை மாற்றியது. பதினைந்து நாள் வரவேண்டியது. கண்ணாடிக் குழாயின் அடியில் ஒரு விரற்கடைகூட மிச்சமில்லை. பழைய ஊசிகளைப் போடும் டப்பாவைக் கவிழ்த்தாள். அவள் போட்ட ஊசிகளைவிட அதில் எட்டோ ஒன்பதோ அதிகம். வலது கையை மூக்கருகே கொண்டுவந்தாள். காலையில் குளித்த கை. சோப்பின் மணத்துக்கு அடியில், இன்சுலினுக்கே உரிய அந்தப் பிளாஸ்திரி வாடை, விரல் நுனியில், லேசாக.

ராத்திரியில் வருவது எதுவோ, அது ஜூஸ் கொடுப்பதற்காக வருவதில்லை. முதலில் ஊசி போட்டுச் சர்க்கரையை இறக்குகிறது. பிறகு தலைமாட்டில் உட்கார்ந்து, தலையைத் தடவி, ஏற்றுகிறது. நல்ல அம்மாவாக.

நானே செய்கிறேனா என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் நினைப்பதற்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நான் என்றால் கதவைப் பூட்டலாம். தூங்காமல் இருக்கலாம்.

அன்று ராத்திரி இரண்டு பேனாக்களையும், ஃப்ரிஜ்ஜில் இருந்த புதுக் குழாய்களையும், மிச்ச ஊசிகளையும் ஒரு டப்பாவில் அடைத்து, சுப்ரஜாவின் அறையிலிருந்த இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தாலிச் சங்கிலியில் ஊக்கோடு கோர்த்துக்கொண்டாள். ஆறு ஜூஸ் டப்பாக்களைக் கட்டிலருகே வரிசையாக வைத்தாள். அறைக் கதவை உள்ளே தாழ் போட்டாள். போனின் சத்தத்தைத் திரும்பக் கூட்டிவைத்து, நாற்காலியைக் கட்டிலுக்கு எதிரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நீ இங்கயே தூங்கப்போறியா?" என்றாள் சுப்ரஜா.

"தூங்கமாட்டேன். நீ தூங்கு கண்ணு."

"அப்ப அவங்க எங்க உக்காருவாங்க?"

"யாரு?"

குழந்தை கொட்டாவி விட்டுக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் தகரத்தின் மேல் முதலில் தனித்தனியாக விழுந்த சொட்டுகள் சேர்ந்து ஒரே இரைச்சலாகி, அதற்குள் லாரிச் சத்தமும் காவல்காரனின் விசிலும் அமுங்கிப்போய், அறையே தண்ணீருக்கடியில் இறங்கிவிட்டதுபோல இருந்தது. சிறிய விளக்கின் மஞ்சள் வெளிச்சம் பீரோவின் பிடியில் ஒரு புள்ளியாக நின்றது. வைஜயந்தி தொடையைக் கிள்ளிக்கொண்டாள். பன்னிரண்டரை. நூற்று முப்பத்தாறு. ஒரு மணி. நூற்று முப்பத்தெட்டு. குழந்தையின் போர்வை மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணை மூடவில்லை. அதை அவள் பின்னால் எத்தனையோ முறை, எத்தனையோ பேரிடம் சொன்னாள். கண்ணை மூடவில்லை.

ஒன்றரைக்கு வாடை வந்தது.

முதலில் மழையின் ஈரம் என்று நினைத்தாள். இல்லை. பிளாஸ்திரி. காயத்தில் ஒட்டியதைப் பிய்த்தெடுத்ததும் வருகிற வாடை. அறை முழுக்க.

அப்புறம் குரல்.

மழைக்குள்ளிருந்து, மிக மெதுவாக, அவசரமில்லாமல். தாலாட்டுப்போல.

"...ஏழு. எட்டு. ஒம்போது. பத்து."

அது அவள் குரல்.

பாய்ந்து பெரிய விளக்கைப் போட்டாள். கட்டிலில் குழந்தை மட்டும். கதவு தாழ் போட்டபடி இருந்தது. பீரோ பூட்டியபடி. கழுத்தைத் தடவினாள், சாவி இருந்தது, உடம்புச் சூட்டோடு. போர்வையை விலக்கினாள். சுப்ரஜாவின் தொடையில், பைஜாமாவின் மெல்லிய துணிக்கு மேல், கடுகளவு ஈரம். துணியைச் சுருட்டினாள். ஒரு ரத்தப் புள்ளி. புதிது.

உடனே ஜூஸ் டப்பாவைப் பிரித்தாள். இறங்குவதற்கு முன்பே கொடுத்துவிடலாம்.

"கண்ணு, குடி. எந்திரி. குடி."

சுப்ரஜா கண்ணைத் திறக்காமல் குடித்தாள். ஒன்று முடிந்தது. ஒன்றே முக்கால்: நூற்றுப் பதினெட்டு, போனில் எண்ணுக்குப் பக்கத்து அம்பு சாய்ந்து கீழே. இரண்டாவது. இரண்டு மணி: தொண்ணூறு. அம்பு நேராகக் கீழே. மூன்றாவதைக் குத்தி வாயில் வைத்தாள்.

"நக்கோம்மா." தலை திரும்பியது. உதட்டோரம் ஜூஸ் வழிந்தது. "போதும். ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் குடுக்காதீங்க."

"யாரு ரெண்டு பேரு? சுப்ரஜா. யாரு?"

குழந்தையின் நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக நின்றது. கை ஜில்லிட்டிருந்தது.

இரண்டு பத்து: அறுபத்தொன்பது.

அலாரம் கத்தியது. விரலைக் குத்தி ரத்தத்திலும் பார்த்தாள். கருவி ஐம்பத்தெட்டு என்றது. நான்காவது டப்பாவின் ஸ்ட்ரா வளைந்துகொண்டு உள்ளே போகவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தாள்.

போன் அடித்தது. வாசுதேவன். அங்கே மாலை.

"என்ன வைஜூ இது, இப்படி விழுது? குடுத்தியா?"

"மூணு குடுத்துட்டேங்க. நாலாவது குடுக்கறேன். நிக்க மாட்டேங்குது."

"எவ்வளவு இன்சுலின் போட்டே?"

"நான் போடல."

"க்ளினிக்கிலிருந்து அந்தப் பொண்ணு எனக்கு மெயில் போட்டிருக்குது." குரல் மாறியிருந்தது. "எவ்வளவு போட்டே சொல்லு. நான் உன்னத் திட்டல. டாக்டர்கிட்ட சொல்லோணும். எவ்வளவு?"

"பீரோவுல பூட்டி வெச்சிருக்கறேங்க. சாவி என்ற கழுத்துல இருக்குது."

"சரி. சரி. அம்ருதாவ எழுப்பு. கார எடுக்கச் சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போ. முதல்ல அவ முகத்தக் காட்டு. வீடியோ போடு."

இடது கையில் போனை நீட்டிப் பிடித்தாள். வலது கையால் டப்பாவை அமுக்கி, ஸ்ட்ராவைக் குழந்தையின் கன்னத்துக்குள் செருகிக்கொண்டிருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. கருவிழி மேலே போயிருந்தது. தாடை இறுகிக்கொண்டே வந்தது.

"சுப்ரஜா. அப்பா பேசறாங்க பாரு. முழுங்கு. முழுங்கு சாமி."

திரையில் வாசுதேவனின் முகம் கிட்டே வந்தது. நின்றது.

"நீ எதுக்கு எண்ணறே?"

"நான் எண்ணல."

"எண்ணறே. வைஜூ, கேக்குது. நாலு, அஞ்சுன்னு." அவன் மூச்சு வாங்கினான். "எடு. அத வெளிய எடு."

"எதைங்க?"

"பேனாவ. அவ தொடையிலிருந்து. உன்ற கையப் பாத்துட்டுத்தான் இருக்கறேன். எடு."

அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

இடது கையில் போன்.

வலது கையில் ஜூஸ் டப்பா. விரலெல்லாம் பிசுபிசுப்பு.

போர்வையின் மடிப்புக்குக் கீழே, குழந்தையின் தொடையில், செங்குத்தாகப் பேனா. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கை.

சமையலுக்கு மட்டும் அவள் முழங்கை வரை ஏற்றிக்கொள்ளும் இரண்டு பொன் வளையல். வலது கட்டைவிரல் நகத்தில், அவளுக்கு இருப்பதுபோலவே, குறுக்கே ஒரு கோடு. அந்தக் கட்டைவிரல் பொத்தானைக் கடைசிவரை அழுத்தியிருந்தது. முழங்கைக்கு மேல் போர்வை. போர்வைக்குக் கீழே யாருடைய உடம்பின் மேடும் இல்லை.

தூக்கத்தில் சுப்ரஜா எப்போதும் செய்வதுபோல, அந்த மணிக்கட்டைத் தன் ஐந்து விரலாலும் சுற்றிப் பிடித்திருந்தாள்.

வைஜயந்தி டப்பாவை எறிந்தாள். அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்து இழுத்தாள். அது ஜில்லென்று இல்லை. சூடாக இருந்தது. உள்ளே நாடி ஓடியது. அவள் நகங்கள் அதன் தோலில் இறங்கின. தன் வலது மணிக்கட்டில் அவளுக்கு வலித்தது.

போனில் வாசுதேவன் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தான். திரையின் மூலையில் எண் போய்விட்டது. நாற்பதுக்குக் கீழே அந்தச் சென்சாருக்கு எண் கிடையாது.

"ஒம்போது," என்றது குரல், தலைமாட்டிலிருந்து. "பத்து."

கை ஊசியை நோகாமல் எடுத்தது. குழந்தையின் விரல்கள் அந்த மணிக்கட்டை விடவில்லை. அவை கலையாமலிருக்க, அது கொஞ்சம் சாய்ந்து, பேனாவின் அடிக்குமிழை இரண்டு விரலால் பிடித்து, அடுத்த அளவைத் திருக ஆரம்பித்தது. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு சின்னச் சத்தம். டிக். டிக். டிக். டிக். மழை நின்றிருந்தது. அந்தச் சத்தம் நிற்கவில்லை.